வரமா? வாணிகமா?

பச்சைமலையின் மேலே மரவள்ளி விளைகிறது. மண்ணைக் கொத்தி, கரணை ஊன்றி, மழையை எதிர்பார்த்துக் காத்திருந்து, கிழங்கைத் தோண்டி எடுக்கும் மலைவாழ் உழவனைத் தேடி வாணிகன் வருகிறான். ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்படும் ஆண்டில் அவன் முகம் மலர்கிறது; சொல் இனிக்கிறது; முன்பணம் கைமாறுகிறது; உறவுமுறை வைத்துக்கூட அழைக்கிறான். ஆலைகளில் சரக்குத் தேங்கிய ஆண்டில் அதே வாணிகன் மலைப்பாதையில் கால் வைப்பதில்லை. உழவன் வருந்துகிறான், நட்டப்படுகிறான். ஆனால், "தெய்வமே, கைவிட்டாயே!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு கதறுவதில்லை. வந்தவன் வாணிகன் என்பது வந்த அன்றே அவனுக்குத் தெரியும்.

மலையிறங்கி, துறையூரைக் கடந்து, தெற்கே காவிரிக்கரைக்கு வந்தால் திருவரங்கம். அங்கே வழங்கும் கதை வேறு. இலங்கைப் போர் முடிந்தது, இராவணன் மாண்டான், அயலான் படைக்கு வழிகாட்டிய தம்பி வீடணனுக்கு முடி கிடைத்தது. அயோத்தியில் நடந்த விழாவுக்குப் போன வீடணனிடம் இராமன் ஒரு சிலையைக் கொடுத்தனுப்பினான். காவிரிக்கரையில் அதை இறக்கி வைத்தவன் மறுபடி தூக்கப் பார்த்தான், அசையவில்லை. அழுதான். "நான் இங்கேயே தங்கிவிடுகிறேன்; ஆனால் உன் இலங்கையைப் பார்த்தபடியே பள்ளிகொள்கிறேன்" என்று ஆறுதல் கிடைத்ததாம். அரங்கன் தெற்கு நோக்கியிருப்பதற்குத் தலபுராணம் கூறும் காரணம் இது.

புராணம் புளுகு என்று நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் புளுகில் ஒரு மனித மனம் படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. கேட்ட பொருள் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. கிடைத்தது பார்வை மட்டும். அந்தப் பார்வையை வரமென்று எண்ணி வீடு திரும்பினான் வீடணன். பச்சைமலை உழவன் அவனிடத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பான்: "பார்த்துக்கொண்டிருப்பதால் எனக்கு ஆவதென்ன? எத்தனை நாள் பார்ப்பாய்? பார்வை வேறு பக்கம் திரும்பினால் நான் என்ன செய்வது?"

இந்த இரண்டு மனங்களுக்கும் இடையில்தான் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி நிற்கிறது. ஆயுதமேந்திய ஓர் இயக்கம். அதற்குத் துணை நின்ற ஓர் அயல்நாடு. அந்த நாடு தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. அப்போது அந்த இயக்கம் தன் மக்களிடம் என்ன சொல்ல வேண்டும்? எப்படிச் சொல்ல வேண்டும்? அயல்நாட்டிடம் என்ன சொல்வது என்பது தந்திரத்தைச் சேர்ந்தது. தன் மக்களிடம் என்ன சொல்வது என்பது அறத்தைச் சேர்ந்தது. பச்சைமலை அடிவாரத்து ஊர்களிலும் திருச்சிப் படிப்பகங்களிலும் நம் இளைஞர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் ஈழம் பேச்சில் வருகிறது. "டெல்லி துரோகம் செய்தது" என்று ஒருவர் தொடங்க, "போராளிகளே நன்றி மறந்தனர்" என்று மற்றொருவர் மறுக்க, பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. துரோகம், நன்றி என்ற இரு சொற்களையும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தாலன்றிப் பேச்சு மேலே நகராது.

நடந்தவற்றை வரிசைப்படுத்துவோம்.

1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழர் வெட்டப்பட்டனர், எரிக்கப்பட்டனர். அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். தமிழகம் கொதித்தது. அந்தக் கொதிப்பின் நடுவே டெல்லி ஈழப் போராளிகளுக்குக் கதவைத் திறந்தது. ஒன்றல்ல, ஐந்து அமைப்புகளின் இளைஞர்கள் இந்திய மண்ணில் படைப்பயிற்சி பெற்றனர். மேட்டூரை அடுத்த கொளத்தூரில் விடுதலைப் புலிகளின் முகாம். திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் மற்றொன்று. நம் பச்சைமலையை ஒத்த குன்றுகளும் காடுகளும் ஈழத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களாயின.

கதவு ஏன் திறந்தது? இரக்கம் இருந்தது, மறுப்பார் இல்லை. இரக்கத்தின் பக்கத்திலேயே கணக்கும் இருந்தது. கொழும்பில் ஜெயவர்த்தன அரசு மேலை நாடுகளின் பக்கம் சாய்ந்திருந்தது. திரிகோணமலைத் துறைமுகம் யார் கைக்குப் போகும்? அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை ஆள்வது யார்? அமெரிக்க வானொலியின் ஒலிபரப்பு நிலையம் ஒலிபரப்புக்கு மட்டுந்தானா? இசுரேலிய ஆலோசகர்களுக்கும் பிரித்தானியக் கூலிப் பயிற்சியாளர்களுக்கும் இலங்கையில் என்ன வேலை? இந்தக் கேள்விகளுக்குக் கொழும்பிடமிருந்து விடை வாங்கும் நெம்புகோலாகவும் போராளிகள் பயன்பட்டனர்.

"இது உங்கள் ஊகம்" என்று யாரேனும் சொல்லக்கூடும். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களைப் படித்துப் பார்க்கட்டும். இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திரிகோணமலையையோ பிற துறைமுகங்களையோ எந்த நாட்டுக்கும் படைத்தேவைக்குத் தருவதில்லை. எண்ணெய்த் தொட்டிகளைச் சீர்செய்து நடத்துவது கூட்டு முயற்சியாகும். அயல்நாட்டு வானொலி நிலையங்கள் மீளாய்வு செய்யப்படும். அயல்நாட்டுப் படை, உளவு ஆலோசகர் பற்றி இரு அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வரும் — இவையே அக்கடிதங்களின் சாரம். தமிழரின் கண்ணீர் ஒப்பந்தத்தில் இடம் பெற்றது. டெல்லியின் கணக்கு கடிதத்தில் இடம் பெற்றது. கணக்கு பெருமளவு தீர்ந்தது. நெம்புகோலுக்கு வேலை குறைந்தது.

இதில் வியக்க எதுவுமில்லை. உலகெங்கும் அரசுகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. ஈராக்கில் உரிமைப் போர் நடத்திய குர்து மக்களுக்கு ஈரான் மன்னர் ஷா ஆயுதம் கொடுத்தார். அமெரிக்கா மறைவில் உதவியது. 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸ் நகரில் ஷாவும் ஈராக்கின் சதாம் உசேனும் எல்லை ஆற்றுத் தகராற்றைத் தீர்த்துக்கொண்டனர். ஆறு பங்கிடப்பட்டதும் ஆயுதம் நின்றது. முல்லா முஸ்தபா பர்சானியின் எழுச்சி சில வாரங்களில் சரிந்தது; பல்லாயிரம் குர்துகள் ஊரை விட்டு ஓடினர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்! ஆடுமாடுகளைப் பங்கு பிரிக்கையில்கூடக் கொம்பைத் தடவிப் பார்ப்பார்கள். மனிதரைப் பங்கு பிரித்தவர்கள் அந்த மனிதரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. டெல்லியின் பார்வை எப்போதும் ஈழத்தமிழர் நலனிலேயே பதிந்திருக்கும் என்று 1983இல் நம்பியவர்கள் 1964ஐ ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இனி, இயக்கம் என்ன சொன்னது என்று பார்ப்போம்.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலங்களை வீசின. மக்கள் கைதட்டி மகிழ்ந்தனர். வானிலிருந்து விழுந்தது அரிசியும் பருப்பும் மட்டுமா? "நம்மைக் காக்க ஒரு பேரரசு இருக்கிறது" என்ற நம்பிக்கையும் சேர்ந்து விழுந்தது. அந்த நாளிலிருந்து ஐம்பத்தைந்தாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள்; யாருடைய வாழ்வு பற்றிய ஒப்பந்தமோ அவர்களின் கையெழுத்து அதில் இல்லை. புலிகளின் தலைவர் பிரபாகரன் டெல்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அசோகா விடுதியில் காவலோடு தங்கவைக்கப்பட்டார். பிறகு யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆகஸ்டு 4 அன்று சுதுமலை அம்மன் கோயில் முன்றலில் மக்கள் வெள்ளத்தின் நடுவே அவர் பேசினார்.

அந்தப் பேச்சை எடைபோட வேண்டும். நம்மைக் கேளாமலே ஒரு வல்லரசு நம் தலைவிதியைத் தீர்மானித்திருக்கிறது என்றார். இந்த ஒப்பந்தம் நிலையான தீர்வைத் தரும் என்று தாம் நம்பவில்லை என்றார். ஆயினும் இந்தியாவை நேசிக்கிறோம். இந்தியப் படைவீரருக்கு எதிராக ஆயுதம் தூக்கமாட்டோம் என்றார். ஆயுதங்களை ஒப்படைக்கும்போது மக்களைக் காக்கும் பொறுப்பையும் இந்தியாவிடம் ஒப்படைக்கிறோம் என்றார். இந்தியப் பிரதமரின் வாக்குறுதியை நம்புவதாகவும் கூறினார்.

இதில் பாராட்டத்தக்க பகுதி உண்டு. கொடுத்ததைக் கொடுத்தார்கள் என்றும், கசப்பைக் கசப்பு என்றும், தம் ஐயத்தை ஐயம் என்றும் பொதுமேடையில் அவர் சொன்னார். தோல்வியை வெற்றியென முரசறைந்து விழா எடுக்கும் தலைவர்களை நம் நாடு நிறையக் கண்டிருக்கிறது. அந்த அளவில் சுதுமலையில் மக்கள் ஏமாற்றப்படவில்லை.

ஆனால் அதே பேச்சில் ஒரு பிழை வித்தும் இருந்தது. அரசுகளுக்கிடையிலான கணக்கைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நேசம் வந்தது. வாக்குறுதி மேல் நம்பிக்கை வந்தது. நேசத்தின் மொழியில் பேசத் தொடங்கியவன், கணக்கு மாறும்போது வெறுப்பின் மொழிக்குத் தாவுவது தவிர வேறு வழியறியான். நேசித்தவன் விலகினால் அதற்குப் பெயர் துரோகம்; துரோகத்துக்குத் தண்டனை என்பது அடுத்த படி.

அந்தப் படிகளில் வரலாறு எவ்வளவு விரைவாக இறங்கியது! செப்டம்பர் 15 அன்று நல்லூரில் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்து, நீரும் அருந்தாமல் உண்ணாநோன்பு தொடங்கினார் திலீபன் என்ற இளைஞர். பன்னிரண்டாம் நாள் உயிர் பிரிந்தது. அக்டோபர் 10 அன்று போர் மூண்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி எழுபத்து மூன்றே நாள்! காக்க வந்த படை, அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளரையும் மருத்துவரையும் செவிலியரையும் சுட்டது. 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரன் கப்பலேறியபோது 1,100க்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டிருந்தனர். மாண்ட தமிழ் மக்கள் அதனினும் பன்மடங்கு.

இங்கே அறிவைக் கூர்மையாக்கிக்கொண்டு ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். டெல்லி தனி ஈழம் பெற்றுத் தருவதாக எந்த நாளும் வாக்களித்ததில்லை. அன்றும் இன்றும் அதன் கொள்கை ஒன்றுபட்ட இலங்கைதான். தராத வாக்கை மீறியதாக ஒருவரைக் குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. ஆனால் மக்களின் உயிரைக் காப்பதாக டெல்லி வாக்களித்தது. அது ஒப்பந்தத்தின் உயிர்நாடி. மருத்துவமனையில் நடந்தது அந்த வாக்கின் முறிவு. முதலாவது கணக்கு மாறியது. இரண்டாவது கடமை மீறப்பட்டது. கணக்கு மாறியதற்கு வேறு கணக்கு போட வேண்டும்; கடமை மீறப்பட்டதற்கு நீதி கேட்க வேண்டும். இரண்டையும் "துரோகம்" என்ற ஒரே கோணிப்பையில் திணித்துக் கட்டினால், நீதி கேட்கும் குரல் பழிவாங்கும் கூச்சலில் அமுங்கிப்போகும்.

அப்படியேதான் அமுங்கியது. 1989இல் புதிய அதிபர் பிரேமதாசா இந்தியப் படையை வெளியேற்ற விரும்பினார், புலிகளும் விரும்பினர். எந்தக் கொழும்பு அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கினரோ அதே அரசோடு பேச்சு நடந்தது, கைகுலுக்கல் நடந்தது. கைகுலுக்கியதைக் குறை சொல்லவில்லை. பகைவரோடு பேசுவது குற்றமன்று. ஆனால் நேற்று வரை பேய், இன்று தோழன் என்றால், நேற்றைய பேய்க்கதையை நம்பி உயிர்விட்ட பிள்ளையின் தாய்க்கு என்ன விளக்கம்? 1990 ஜூனில் மீண்டும் போர். தோழன் மீண்டும் பேயானான். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள், தமிழ் பேசும் அம்மக்கள், வீடும் நிலமும் பறிக்கப்பட்டு விரட்டப்பட்டனர். ஐயத்தையே அரசியலாக்கிய மனம், அயலானிடம் தொடங்கி அண்டை வீட்டில் வந்து முடிந்தது.

1991 மே 21, திருப்பெரும்புதூர். ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் குண்டுக்கு இரையாயினர். மாலை வாங்கக் காத்திருந்தவரும் காவலுக்கு நின்றவரும் அதில் அடக்கம். அது கொலை. எந்தக் கொள்கையின் பெயராலும், எந்தப் பழைய காயத்தின் பெயராலும் அதற்கு வேறு பெயர் சூட்ட முடியாது. அறம் ஒருபுறம் இருக்கட்டும்; அந்தக் கொலையால் ஈழத்து மக்கள் பெற்றது என்ன? 1992 மே மாதம் இந்தியா விதித்த தடை, இன்றுவரை நீட்டிக்கப்பட்டு வருகிறது. தமிழகத்துத் திண்ணைகள் அகதிகளுக்கு மூடப்பட்டன. திறந்த கதவைக் கணக்கு பாதி மூடியது. மீதியைப் பழிவாங்கல் மூடியது.

பிறகு மேலை நாடுகள் வந்தன. 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்தம். கண்காணிக்க ஐந்து நார்டிக் நாடுகளின் குழு. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இயக்கத்தின் மறுமொழி என்ன? ஒன்றியத்தைச் சேர்ந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டுக் கண்காணிப்பாளர் வெளியேற வேண்டும் என்பது. அவர்கள் வெளியேறினர், எஞ்சியவை நார்வேயும் ஐஸ்லாந்தும். தடை விதித்த அரசுக்குச் சினத்தைக் காட்டியாயிற்று. ஆனால் ஊர் ஊராகச் சென்று, குண்டு விழுந்த குழியைக் குறித்துக்கொண்டிருந்த கண்கள் யாருக்காக இருந்தன? மக்களுக்காக அல்லவா? இயக்கத்தின் மானத்துக்காக மக்களின் சாட்சியைத் துரத்தியது எந்த அறம்?

இதற்கு ஒரு மறுப்பு எழும். "நீங்கள் திருச்சியில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து எழுதுகிறீர்கள். தலைமேல் குண்டு விழும்போது பொதுக்குழு கூட்டி வாக்கெடுக்க முடியுமா? போரில் தலைவன் முடிவெடுப்பான், மக்கள் நம்புவார்கள், அதுவே முறை."

மறுப்பில் பாதி உண்மை. போர்க்களத்துத் திட்டத்தை ஊர்ப்பொதுவில் விவாதிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாம் பேசுவது களத்தைப் பற்றியன்று, திசையைப் பற்றி. எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எந்த விலை கொடுத்துப் போகிறோம் — இவை விலை கொடுப்பவரைக் கேட்டே முடிவாக வேண்டியவை.

திருச்சியை எடுத்துச் சொன்னதால் திருச்சியிலிருந்தே சான்று தருகிறோம். 1956 மே மாதம் இதே நகரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநில மாநாடு நடந்தது. தேர்தலில் நிற்பதா, வேண்டாமா? இயக்கத்தின் போக்கையே திருப்பும் கேள்வி. அண்ணா மேடையில் அறிவித்துவிட்டுப் போயிருந்தால் கூட்டம் கைதட்டி ஏற்றிருக்கும். அவ்வாறு செய்யவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்களே பெட்டியில் வாக்களித்தனர். நிற்கலாம் என்றோர் 56,942. வேண்டாம் என்றோர் 4,203. முடிவு என்ன என்பதைவிட அந்த 4,203 என்ற எண் எண்ணப்பட்டது, எழுதப்பட்டது, அறிவிக்கப்பட்டது என்பதே நமக்குப் பெருமை. இயக்கத்தின் உயிர்நிலை மாறுபட்டவனை எண்ணும் பழக்கத்தில் இருக்கிறது.

1962இல் சீனப் படை எல்லை தாண்டியது. அடுத்த ஆண்டு பிரிவினையைத் தடுக்கும் சட்டத்திருத்தம் வந்தது. கழகம் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. அப்போது, கோரிக்கையை விடுகிறோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா வெளிப்படையாகச் சொன்னார். ஏற்றவர் ஏற்றனர், சினந்தவர் சினந்தனர், சினந்தவரின் வீட்டு வாசலில் துப்பாக்கி போய் நிற்கவில்லை.

ஈழத்திலோ? 1986 ஏப்ரல், மே மாதங்களில் டெலோ இயக்கத்தின் இளைஞர்கள் சகோதர இயக்கத்தின் துப்பாக்கிக்கே பலியாயினர். மற்ற அமைப்புகளும் அடுத்தடுத்து ஒடுக்கப்பட்டன. 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் ராஜினி திராணகம என்ற மருத்துவப் பேராசிரியை, மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் என்ன? 'முறிந்த பனை' என்ற நூலை நண்பர் மூவரோடு சேர்ந்து எழுதினார். இந்தியப் படையின் கொடுமையையும் எழுதினார். போராளிகளின் கொடுமையையும் எழுதினார். புலிகளே கொன்றனர் என்று அவரோடு பணியாற்றியவர்கள் குற்றம் சாட்டினர். கணக்கைக் கணக்காக எழுதிய கை அது. அந்தக் கையை இழந்த சமுதாயத்துக்கு, அடுத்த முறை அயல்நாட்டின் போக்கு மாறும்போது எச்சரிக்க யார் இருப்பார்?

சுதுமலையில் கூடிய மக்கள் கேட்டனர்; கலைந்தனர். வாக்குப்பெட்டி இல்லை என்பது பெரிதன்று. போர்க்காலத்தில் அது இயலாமலும் இருக்கலாம். எழுந்து நின்று, "இந்த நேசமும் வேண்டாம், நாளைய பகையும் வேண்டாம், இருப்பதை வைத்து எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்லக்கூடிய ஒருவருக்கு அச்சமின்றி நிற்க இடமிருந்ததா? அந்த இடம் இல்லாத மேடையில் உண்மை பேசப்பட்டாலும், அது ஆணையாகவே போய்ச் சேரும்.

திறந்த விவாதம் நடந்தால் எல்லாம் நலமாகிவிடும் என்றும் நாம் பசப்பவில்லை. அயர்லாந்தில் 1921 டிசம்பரில் லண்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தை டப்ளின் மன்றத்தில் வாரக்கணக்கில் விவாதித்தனர். 1922 ஜனவரி 7 அன்று வாக்கெடுப்பு: ஏற்றோர் 64, மறுத்தோர் 57. அதன் பிறகும் உடன்பிறந்தார் போர் மூண்டது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஓராண்டுக்குள் அந்தப் போர் ஓய்ந்தது. தோற்றவர்கள் பத்தாண்டுக்குள் வாக்குச்சீட்டின் வழியே ஆட்சிக்கு வந்தனர். மறுத்த 57 பேர் எண்ணப்பட்டிருந்ததால் அவர்கள் திரும்பிவர ஒரு வழி இருந்தது.

ஈழத்தில் அந்த வழி இல்லை. 2008 நவம்பர் 27 மாவீரர் நாள் உரையில், இந்தியாவுடன் நட்பை விரும்புவதாகவும் தடையை நீக்க வேண்டும் என்றும் பிரபாகரன் கூறினார். இருபத்தோராண்டு கழித்து மீண்டும் நேசத்தின் மொழி! கேட்க எவரும் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அந்த இறுதி மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு 2011இல் அறிவித்தது. போர் முடிந்து பத்து நாள் ஆவதற்குள், மே 27 அன்று ஜெனீவாவில் இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. அதில் இந்தியாவின் வாக்கும் ஒன்று. 2012இல் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியா கை தூக்கியது. 2014இல் ஒதுங்கி நின்றது. 2021இலும் ஒதுங்கி நின்றது. ஆதரவு, எதிர்ப்பு, ஒதுக்கம்! வாணிகனின் வருகைப் பதிவேடு இதைவிடத் தெளிவாக இருக்குமா?

தோழர்களே, இதிலிருந்து நாம் பெறும் முடிவு என்ன?

ஒன்று: அயல்நாட்டின் உதவியை மறுக்க வேண்டியதில்லை, வணங்கவும் வேண்டியதில்லை. உதவி வரும் நாளிலேயே, "இன்ன காரணத்தால் வருகிறது, அந்தக் காரணம் தீர்ந்தால் நின்றுவிடும்" என்று மக்களிடம் சொல்லிவிடுவது இயக்கத்தின் கடமை. நின்ற பிறகு அழுது சொல்வது ஒப்பாரி. வரும்போதே சொல்வது அரசியல் கல்வி.

இரண்டு: நன்றி வேறு, அடிமை வேறு, கண்டனம் வேறு, பழி வேறு. உணவு போட்ட விமானத்துக்கு நன்றி சொல்லலாம். மருத்துவமனையில் சுட்ட துப்பாக்கிக்கு நீதி கேட்கலாம். இரண்டும் ஒரே அரசினுடையவை என்பதால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

மூன்று: போக்கு மாறும்போது இயக்கம் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியது தன் மக்களை. அவர்களுள்ளும் மாறுபட்டுப் பேசுகிறவரை. அவரை வாழவிடும் இயக்கமே, அயலான் கைவிட்டாலும் கைவிடப்படாமல் நிற்கும்.

தமிழகத்தில் இருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. வீரம் விளைவிக்கும் கவிதையும் விண்ணதிரும் முழக்கமும் இந்தக் கரையில் எளிது. விலை அந்தக் கரையில். டெல்லி எப்படித் திரும்பினாலும் மாறாத கடமை ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. திருச்சி வானூர்தி நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு. துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை. இரண்டிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021 கணக்குப்படி, தமிழகத்தில் நூறுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். அகதி முகாம் என்ற பெயரை அந்த ஆண்டு தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் கட்டித்தரத் தொடங்கியது. நல்லது. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதாருக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழருக்குத் திறக்கவில்லை.

பச்சைமலை அடிவாரத்திலிருந்தும் திருவரங்கத்துத் தெருக்களிலிருந்தும் கொட்டப்பட்டுக்குப் பேருந்தில் போய்விடலாம். கடல் கடக்க வேண்டியதில்லை. வல்லரசின் தயவு வேண்டியதில்லை. அங்கே போங்கள். பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்குத் துணை நில்லுங்கள். சட்டத்தைத் திருத்தக் கையெழுத்துத் திரட்டுங்கள். முதியவர்கள் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். அவர்கள் டெல்லியைப் பற்றியும் புலிகளைப் பற்றியும் சொல்வது நம் மேடைப் பேச்சோடு பொருந்தாமல் போகலாம். பொருந்தாததையும் எழுதி வாருங்கள். அதை அச்சிடுவதற்கு இந்த ஏட்டில் இடமுண்டு.